உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் இருந்த பெயர்

எங்கள் சம்பந்தியின் குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. எழுதினால் படிப்பவர் யாரும் விசாரித்துக்கொண்டு நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடலாம், அதனால்தான். மாட வீதியில் நின்று என் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். சம்பந்தியின் பெயரைப் போலந்து முழுக்கக் கூவினாலும் திரும்பிப் பார்க்க அவரும் அவர் மகனும்தான். அந்த மகன் என் மாப்பிள்ளை.

இதெல்லாம் எங்களுக்கு முதலில் தெரியாது. எங்கள் பெண் அங்கே வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி ஏதோ நீளமாக வருகிறது என்று மட்டும் தெரியும். எனக்கு வாயில் நுழையவில்லை. முயற்சியும் செய்யவில்லை என்பதே உண்மை. மாப்பிள்ளையை மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் போதாதா?

எங்கள் வீட்டில் பெயருக்குப் பின்னால் எதுவும் ஒட்டாமல் இருப்பது ஒரு பெருமை. என் மாமனார், மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, "சாதி வால் வேண்டாம், இனிஷியல் போதும்" என்று தலைமையாசிரியரிடம் கண்டிப்பாகச் சொன்னவர். ஊருக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு ஓர் எழுத்து, அப்புறம் பெயர். இந்தக் கதையை என் கணவர் சொல்லாத கல்யாணப் பந்தி கிடையாது. பாயசம் வருவதற்குள் மாமனார் வாலை நறுக்கிவிடுவார்.

எங்கள் பெண்ணும் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் புருஷன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே உள்ள ஆபீஸ்களில் குடும்பப் பெயர் என்ன என்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கொடுத்துவிட்டாள். அதன் பலனாகப் போலந்தில் பால்காரரிலிருந்து பல் டாக்டர்வரை அவளை என் கணவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "மயிலாப்பூரைத் தாண்டி என்னை யாருக்குத் தெரியும்னு கேட்டியே" என்று என்னை ஒரு வாரம் படுத்தி எடுத்தார்.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தாள். அடையாற்றில் ஒரு நர்சிங் ஹோமில் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை லீவு போட்டுக்கொண்டு வந்தார். தொட்டில் போடும் நாளுக்குச் சம்பந்தியும் வந்து சேர்ந்தார்.

அவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. உயரமான மனிதர். எங்கள் வீட்டு நிலைப்படியில் வந்த அன்றே இடித்துக்கொண்டு, நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. தமிழ் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. ஆனால் காலையில் லஸ் முனையில் போய் நின்று பஸ் டிரைவர்கள் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்து, இரண்டு கைகளாலும் காற்றில் ஸ்டியரிங் பிடித்துக் காட்டித் தலையில் அடித்துக்கொள்வார். மீன்காரம்மா கூடையை இறக்கும்போதெல்லாம் "இன்னா நைனா, துன்னியா?" என்பாள். அவர் மார்பில் கைவைத்து ஏதோ நீளமாகப் பதில் சொல்வார். எங்களுக்குள் இல்லாத பேச்சுவார்த்தை அவர்களுக்குள் இருந்தது.

வந்த மறுநாள் அவர் என் கணவரிடம் டெலிபோன் டைரக்டரி கேட்டார். இந்தக் காலத்தில் அதை யார் வைத்திருக்கிறார்கள்? என் வீட்டில் இருந்தது. தையல் மெஷினின் ஒரு கால் ஆடும், அதன் கீழே கொடுத்து வைத்திருந்தேன். எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துத் தேடினார். தேடியது கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சும்மா புரட்டியவர், ஒரே பெயர் பக்கம் பக்கமாகப் போவதைப் பார்த்து அசந்துவிட்டார். இவ்வளவு பேரும் சொந்தக்காரர்களா என்று மாப்பிள்ளை மூலமாகக் கேட்டார். "சொந்தமா? ஒருத்தனை ஒருத்தன் பாத்தது கூட இல்லை!" என்று என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

குழந்தைக்கு அவர் ஒரு வெள்ளி ஸ்பூன் கொண்டுவந்திருந்தார். அவருக்கே குழந்தையில் சோறூட்டிய ஸ்பூனாம். கறுத்துக் கிடந்தது. விபூதி போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் காம்பில் எழுத்துகள் எழும்பின. நுனியிலிருந்து குழிவரைக்கும் அவருடைய குடும்பப் பெயர், சுழித்துச் சுழித்து வெட்டியிருந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவங்க ஊர்லயும் பேர் வெட்டுவாங்களா!" என்று என் கணவருக்கு ஒரே உற்சாகம். உடனே தி. நகருக்குக் கிளம்பிவிட்டார், பேத்திக்குத் தட்டும் கிண்ணமும் டம்ளரும் வாங்கிப் பேர் வெட்டிக்கொண்டு வர.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு அந்தக் குடும்பப் பெயர் கிடையாது என்று எங்கள் பெண் முன்பே முடிவு செய்திருந்தாள். "எனக்கே வால் கிடையாது, எம்பொண்ணுக்கு எதுக்கு?" என்றாள். மாப்பிள்ளை தோளைக் குலுக்கி, சரி என்றுவிட்டார். சம்பந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத மனிதருக்கு வருத்தமில்லை என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். நம் பக்கத்தில் சம்பந்திக்கு வருத்தம் என்றால் காபி சூடாக இல்லை என்பதிலிருந்தே ஆரம்பித்திருக்கும். அந்தப் பழக்கத்தில் நாங்கள் ஏமாந்துபோனோம்.

சாயங்காலம் என் கணவர் பையோடு வந்தார். முகத்தில் ஏதோ சாதித்த களை. கிண்ணத்தை எடுத்துச் சம்பந்தியின் கையில் கொடுத்தார். குழந்தையின் பெயர் அழகாக வெட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

"ஊர் இனிஷியல் இடத்துல அவர் குடும்பப் பேரைப் போட்டுட்டேன்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "முழுசாப் போட்டா தட்டு சுத்திக்கினு வந்துரும் நைனான்னு வெட்டறவன் சொன்னான். எனக்குச் சட்டுனு தோணிச்சு. நம்ம பொண்ணுக்கும் வருத்தமில்லை, அவருக்கும் மரியாதை."

மரியாதைதான். நமக்கு அது மரியாதை. என் அப்பாவை நான் ஆயுசு பூராவும் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாகத்தான் சுமந்தேன், கல்யாணமானதும் அந்த எழுத்தைக்கூட மாற்றிவிட்டார்கள். அந்த ஓர் எழுத்துக்குள் ஆள் முழுசாக இருக்கிறார் என்று நாம் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொள்வோம். டிராம் ஓட்டிய மனிதருக்கு அது எப்படித் தெரியும்?

அவர் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார். உள்ளே பார்த்தார். தட்டையும் டம்ளரையும் அதே மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அந்தப் புள்ளியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, எங்கள் பெண்ணைப் பார்த்து மெதுவாக என்னவோ கேட்டார்.

"என்னடி சொல்றார்?" என்றேன்.

"மீதி எங்கேன்னு கேக்கறார்" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அதனால் அன்றைக்குச் சம்பந்தி பேசியதையெல்லாம் எங்கள் பெண்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை மடியில், குரல் அவளுடையது, பேச்சு அவருடையது.

அந்தப் பெயர் பெரிய வம்சத்துப் பெயர் இல்லையாம். ஏதோ சண்டைக்காலத்தில் ஒருவன் ஆற்றைக் கடந்து ஒரு கிராமத்துக்கு வந்திருக்கிறான். எந்த ஊர், யார் மகன் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டானாம். கேட்டு அலுத்துப்போன ஊர்க்காரர்கள் அவனை அக்கரைக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. இது சம்பந்தியின் அப்பா அவருக்குச் சொன்ன கதை. நிஜமா என்று அவருக்கே தெரியாது.

பிள்ளைகள் பெருகவில்லை. இரண்டாவது உலகப் போரில் சிலர் போனார்கள், சிலர் பிள்ளையில்லாமல் போனார்கள். சம்பந்திக்கு ஓர் அண்ணன் இருந்தார், அவரும் கல்யாணம் செய்துகொள்ளாமலே காலமானார். எந்த ஊருக்குப் போனாலும் சம்பந்தி முதலில் டெலிபோன் டைரக்டரியைத்தான் திறப்பாராம். எங்கேயாவது தன் பெயரில் யாராவது இருந்தால் போன் செய்து ஹலோ சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒரு தடவைகூட அந்த ஹலோவைச் சொல்ல வாய்க்கவில்லை.

தையல் மெஷின் காலடியில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தோமே, அது நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடினேன். பாலெல்லாம் ஒன்றும் இல்லை.

மறுநாள் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு அடையாற்றிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தின் மேல் வரும்போது இவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்க தாத்தா வெட்டிப் போட்டது வேற வாலும்மா. நான் ஒசத்தி, நீ தாழ்த்தின்னு பேசற வால். இவர் பேர் அப்படி இல்லையே. எங்கிருந்தோ வந்தவனுக்கு அக்கம்பக்கத்துக்காரங்க வெச்ச பேரு."

"அதுக்கு?" என்றாள் பெண்.

"அதுக்கு ஒண்ணுமில்லை. உம்பொண்ணும் ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே பொறந்தா. சொன்னேன்."

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இவர் உருப்படியாகப் பேசிய சில இடங்களில் அந்தப் பாலமும் ஒன்று. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கல்யாணப் பந்தியில் அதுவும் கதையாகிவிடும். பெண் பிடிகொடுக்கவில்லை. "உங்க ரெண்டு பேர் வேலையைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருங்க" என்று குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள்.

இவர் சும்மா இருப்பவரா? மறுபடியும் தி. நகர். வெட்டுகிறவர், "இன்னா சார், எழுத்து தப்பா பூட்ச்சா?" என்று பதறியிருக்கிறார். எழுத்து சரி, மீதிதான் இல்லை என்று சொல்லிப் புதிதாக ஒரு பெரிய தட்டை எடுத்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்த முழுப் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சொன்னது பொய்யில்லை. பெயர் தட்டின் விளிம்போடு வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. குழந்தையின் பெயர் அதில் இல்லை. அது எங்கள் பெண் முடிவு செய்ய வேண்டியது என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். அந்த அளவுக்காவது புத்தி இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டில் போடும் நாளில் அந்தத் தட்டில்தான் சர்க்கரை வைத்தேன். சம்பந்தி பார்த்தாரா என்று தெரியவில்லை. வேட்டி அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதிலேயே அவர் கவனமெல்லாம் இருந்தது. உறவுக்காரர்கள் ஹாலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குழந்தையின் காதில் பெயர் சொல்வது அத்தையின் உரிமை. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அதனால் அப்பாவழித் தாத்தாதான் சொல்ல வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். எங்கள் பெண் அவரிடம் விளக்கினாள், மூன்று முறை, மெதுவாக, காதோடு.

அவர் அந்த உயரத்தை மடக்கித் தொட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டார். குனிந்து குழந்தையின் பெயரைச் சொன்னார். சுத்தமாகவே சொன்னார், எத்தனை நாள் சொல்லிப் பழகினாரோ. மூன்று முறையும் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

எங்கள் பெண் அவர் தோளைத் தொட்டாள். அதுவரை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அந்த ஊர் வழக்கமோ என்னவோ. எனக்கு அது கேட்கும்போதெல்லாம் கூசும்.

"மீதியையும் சொல்லுங்கப்பா" என்றாள், தமிழில்.

அப்பா என்பது அவருக்குப் புரிந்திருக்கும். மற்றதை மாப்பிள்ளை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எங்கள் பெண் சர்க்கரையை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, அந்தத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். விளிம்போடு விரலை ஓட்டிக்கொண்டே அவர் முழுசாகப் படித்தார். பிறகு மறுபடியும் குனிந்தார்.

காதோடு சொல்ல வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. அடுத்த நிறுத்தத்தை டிராம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிப் பழகிய குரல். குழந்தையின் பெயரையும் அதன் பின்னால் அந்த நீளப் பெயரையும் சேர்த்து, மயிலாப்பூரில் ஒரு ஹால் முழுக்கக் கேட்கும்படி, மூன்று முறை சொன்னார். குழந்தை திடுக்கிட்டு விழித்து, அவர் பக்கம் திரும்பிப் பார்த்தது.