அப்பா தோற்ற மதியம்

என் மகன் இப்போது நன்றாக இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனையில் காத்திருந்தபோது இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

பள்ளி மல்யுத்தப் போட்டியில் முதல் சுற்றிலேயே அவன் தலை தரையில் மோதியிருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வந்தும் கடைசிவரை ஆடித் தோற்றிருக்கிறான். வீடு திரும்பும்போது காரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை வாந்தி எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். படுத்தபடியே ஆங்கிலத்தில் பதில் சொன்னான்: தாத்தா தோற்றபோது காரணம் சொல்லவில்லை என்று நீதானே எப்போதும் சொல்வாய்.

சொல்வேன்தான். அவனுக்குப் பேச்சு புரிய ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இன்றும் அவன் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால் எழுந்து போய் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் வாடகை வீடு. தம்பியின் பிறந்தநாளுக்குப் பின்பக்கப் புல்வெளியில் நாலைந்து குடும்பங்கள் கூடியிருந்தன. ஒரு மூலையில் கோழி வெந்துகொண்டிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கே அவர் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தார். அப்பாவோ மதுரையில் படித்த காலத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான குத்துச்சண்டையில் பட்டம் வாங்கியவர். அதனால் இருவரும் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அந்த வாரம் தொலைக்காட்சியில் ஒரு பழைய சாம்பியன் திரும்ப வந்து, பாதி வயதுக்காரனிடம் அடிவாங்கி விழுந்திருந்தார்.

"பிரைம் போன ஆளு மச்சான் அவரு. இந்தத் தோல்விய எல்லாம் கணக்குல சேக்கவே கூடாது," என்றார் மாமா.

"மேடை ஏறினாரா இல்லையா?" என்றார் அப்பா.

"ஏறினாரு, ஆனா..."

"ஏறினா தோத்ததும் அவருதான். அந்த ஆளு மொதமொதல்ல பட்டம் வாங்கினது யார அடிச்சு? அவருக்கு முன்னாடி இருந்த வயசான சாம்பியன அடிச்சு. அப்ப அந்த ஜெயிச்சதையும் தள்ளிரலாமா?"

மாமா சிரித்துச் சமாளித்தார். "நீங்க பேசறதப் பாத்தா இப்பவே ரிங்குல ஏறிடுவீங்க போலருக்கே."

"ஏறினா?"

இதைக் கேட்டதும் மற்ற அங்கிள்கள் விசிலடித்தார்கள். மாமாவின் பையில் இரண்டு ஜோடிக் கையுறைகள் இருந்தன. "சாப்பாடு ஆறுது, ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா?" என்று அம்மா சத்தம் போட்டார். "விடுங்க, மச்சானும் மச்சினனும் அடிச்சுக்காம வேற யாரு அடிச்சுக்கறது?" என்று ஓர் ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவின் கால்கள் அப்படி நகரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆய்வகத்துக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு போகிற மனிதர் புல்லின் மேல் மிதந்தார். அவருடைய இடது கை மாமாவின் மூக்கை மூன்று முறை தொட்டுவிட்டுத் திரும்பியது. "மச்சான், மெதுவா!" என்றார் மாமா. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு மாமா வலது கையை வீசினார். அது ஒன்றும் மின்னல்வேகக் குத்து இல்லை. அகலமாகச் சுற்றி வந்தது. ஒன்பது வயதுப் பெண்ணான நானே அது வருவதைப் பார்த்தேன். அப்பா விலகவில்லை. கையைத் தூக்கவில்லை. இமைக்கக்கூட இல்லை. விழுந்து, எழுந்து, மறுபடி நின்றார். மறுபடி அதே பக்கத்திலிருந்து அதே குத்து. இந்த முறை முழங்காலில் விழுந்தவர் உடனே எழவில்லை.

மாமா பல்லாலேயே கையுறையைக் கழற்றிவிட்டு ஓடினார். "ஸாரி மச்சான், சத்தியமா பலமா அடிக்கல மச்சான்." அம்மா மாமாவைத் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டிருக்கும். அங்கிள்கள் ஆளுக்கொரு சமாதானம் வைத்திருந்தார்கள்.

"வயசாகுதுல்ல, விடுங்க."

"இருபது வருஷம் முன்னாடின்னா இவன் எதிர்ல நின்னிருப்பானா?"

"எனக்கென்னவோ வேணும்னேதான் விட்டுக் குடுத்தாரு. மச்சினன் பாருங்க."

"கண்ணுல பட்டுருக்கு போல, காட்டுங்க," என்று ஒருவர் குனிந்தார். அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வயசும் இல்ல, விட்டுக் குடுக்கவும் இல்ல," என்றார். "அவன் அடிச்சான். நான் விழுந்தேன். அவ்வளவுதான்."

அங்கிள்கள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை சாக்குகள் இருந்தும் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளாத மனிதர் என் அப்பா. இதைத்தான் பிறகு என் மகனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.

மகன் அப்படிப் பதில் சொன்ன அன்று, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அப்பாவிடம் அதைச் சொன்னேன். இப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. 

"அவன்கிட்ட சொல்லும்மா. நான் காரணம் இல்லாம தோக்கல."

அந்த வருடம் குளிர்காலத்திலிருந்தே அவருடைய இடது கண்ணில், ஓரத்திலிருந்து திரை விழுவதுபோலப் பார்வை மறைந்துகொண்டு வந்திருக்கிறது. மாமாவின் குத்தை அவர் பார்க்கவே இல்லை.

"வயசுன்னு ஒத்துக்கிட்டா, டாக்டரப் பாருங்க, கண்ணக் காட்டுங்கன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும்னு நெனச்சேன். வண்டி இல்லாம வேலைக்கு எப்படிப் போறது? கிரீன் கார்டே அந்த வேலைய நம்பித்தான் இருந்துச்சு."

ஒற்றைக் கண்ணோடும் இங்கே வண்டி ஓட்ட விடுவார்கள் என்பது அவருக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஏன் கேட்கிறாய் என்பார்களே. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு கண் மருத்துவரிடம் போனார். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொன்னாராம். இத்தனை வருடமும் அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

தம்பியின் அந்தப் பிறந்தநாள் அன்று மாலை, வெயில் இன்னும் இருந்தது. மாமாவை அவருடைய அறையில் விடுவதற்காக அப்பா வண்டியை எடுத்தார். அப்போது எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். வழக்கமாக மாமாவுக்குப் பின்னால் உட்காருவேன். அன்று அப்பா என்னைத் தனக்கு நேர் பின்னால், இங்கே வண்டி ஓட்டுகிறவர் உட்காரும் இடது பக்க ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். "இந்தப் பக்கம் ஒரு வண்டி வந்தாலும் சத்தமா சொல்லணும். இனிமே இது உன் வேலை," என்றார். தம்பிக்குக் கிடைக்காத பதவி எனக்குக் கிடைத்துவிட்டது. மூக்கை ஜன்னலில் அழுத்திக்கொண்டு, "செவப்புக் கார்ப்பா! லாரிப்பா! இன்னொரு காருப்பா!" என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும், விளையாட்டில் சேராத குரலில், "சரிம்மா" என்றார்.