பஸ் ஜன்னல்லேர்ந்து பாத்த செவப்பு வண்டி

டிகிரி முடிச்சு திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலைக்குப் போய்கினு இருந்த டைம். பஸ் நசரத்பேட்டை தாண்டும்போது லெஃப்ட்ல ஒரு ஷெட் வரும். ஷூட்டிங்குக்கு பழைய வண்டிங்கள வாடகைக்கு வுடுற அண்ணாத்தே ஒருத்தரோடது. அதுல சுவத்த ஒட்டி நிக்கும் பாருங்க, செவப்பு கலர், ரெண்டே சீட்டு, நீட்டு மூக்கு, மடக்குற துணிக் கூரை. எப்பவோ வெள்ளக்காரன் ஊர்லேர்ந்து கப்பல்ல வந்த ஸ்போர்ட்ஸ் கார். அத பாக்கறதுக்குன்னே எட்டு மாசம் தெனமும் லெஃப்ட் சைடு ஜன்னலுக்கு அடிச்சிகினேன்.

ஒரு நாள் "விற்பனைக்கு"ன்னு அட்டை தொங்குது. அவ்ளோதான், தூக்கம் போச்சு.

என் கைல இருந்தது பாதி. மீதி பாதி அக்கா தரேன்னுச்சு. அக்கா ஆவடில டிஃபென்ஸ் பாக்டரில இன்ஸ்பெக்ஷன் செக்ஷன். "நான் வந்து பாப்பேன். பாஸ்னா வாங்கு. ரிஜெக்ட்னா வாய மூடிகினு ஊட்டுக்கு வந்துடணும். ஓகேவா?"ன்னு கேட்டுச்சு. ஓகேன்னு சத்தியமே பண்ணிட்டேன். எங்க ரிஜெக்ட் ஆவப்போவுதுன்னு ஒரு தெனாவட்டு.

ஞாயித்துக்கெழம காலைல போனோம். அக்கா சுடிதார், ஹேண்ட்பேக். பேக்குக்குள்ள டார்ச்சு, ஒரு சின்ன காந்தம்.

அண்ணாத்தே அக்காவ பாத்துட்டு, "நீ அப்டி நெழல்ல குந்துமா, தம்பிக்கு காட்றேன்"ன்னாரு.

அக்கா குந்தல. நேரா போய் பானட் மேல கைய வச்சுது. "சுடுது. எங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா. உங்க எதுர்ல கெளம்பலன்னா அசிங்கமாப் பூடும்ல."

"ஆறட்டும். ஜில்லுன்னு கீறப்ப ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கணும்."

அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. எதுர் கடைல இட்லி, டீ, மறுபடி டீ. அக்கா பேப்பர் படிச்சுது. நான் மனசுலயே வண்டிய எங்க ஆவடி குவாட்டர்ஸ் கேட்டுக்குள்ள ஓட்டிகினு போய், பசங்க வாயப் பொளக்கறத மூணு தபா பாத்துட்டேன்.

ஆறினதும் அண்ணாத்தே லெஃப்ட் கதவ தொறந்து ஏறி, அப்டியே ஸ்டியரிங் பக்கம் நகந்து குந்தினாரு. செம ஸ்டைலு. ரெண்டு தும்மல் போட்டு இஞ்சின் பிடிச்சுது. கொஞ்சம் நீலப் பொக, அப்பறம் பட்டு மாதிரி சத்தம்.

"இஞ்சின் நல்லா கீது"ன்னுச்சு அக்கா. நான் பறந்துகினு இருக்கேன். உடனே அக்கா, "ஏன் அண்ணா அந்தப் பக்கமா ஏறி நகர்றீங்க? டிரைவர் கதவு இன்னா ஆச்சு?"

அவரு தலைய சொறிஞ்சாரு. "தொறக்காதும்மா."

மூணு பேருமா வண்டிய வெளிய தள்ளினோம். அன்னிக்குதான் அதோட ரைட் சைட பாக்கறேன். அம்மை போட்ட மாதிரி பெயிண்ட் கொப்பளிச்சு கெடக்குது. அக்கா காந்தத்த வச்சுது, பொத்துன்னு வுழுந்துச்சு. இன்னொரு எடம், மறுபடி பொத்து. அடில இரும்பே இல்ல, முழுக்க பட்டி பூசி வச்சிருக்கு. அப்பறம் தரையில படுத்து, கதவுக்குக் கீழ போற இரும்ப டார்ச்சு முனையால தட்டுச்சு. முறுக்கு மாதிரி ஒடஞ்சு கொட்டுது.

"கூரை இல்லாத வண்டிக்கு இதான்டா முதுகெலும்பு. இது போச்சு. வண்டி நடுவுல தொங்குது, அதான் கதவு இறுகிகிச்சு."

நான் கடுப்புல, "இன்னா அண்ணாத்தே, சொல்லவே இல்ல?"ன்னேன்.

"நீ கேக்கவே இல்லியே நைனா. கேமரா எப்பவும் அந்தாண்ட லெஃப்ட்லதான் நிக்கும், அதான் அந்தாண்ட மட்டும் பெயிண்ட் அடிப்பேன். ஹீரோ எப்டியும் கதவ தொறக்காம குதிச்சுதான் ஏறுவான்."

அக்கா கைய தொடச்சிகினே சொல்லிச்சு. "ரிஜெக்ட்."

"அக்கா, வெல்டு வச்சிகினா..."

"எதுல வைப்ப? வெல்டு புடிக்க நல்ல இரும்பு வேணாமா? டேய், பஸ்லேர்ந்து நீ பாத்தியே, அந்தப் பக்கம் பாஸுடா. அத தெனமும் ஃப்ரீயாவே பாக்கலாம்."

சத்தியம் பண்ணியாச்சு, வேற இன்னா பண்றது. அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு, கெத்துக்கு அடக்கிகினேன்.

வண்டிய உள்ள தள்ளும்போது அண்ணாத்தே, "எப்டியோ வுடுப்பா, பரவால்ல"ன்னாரு. நான் வுடல. ஸ்டியரிங்க புடிச்சு ஒடிச்சு, முன்ன மாதிரியே லெஃப்ட் சைடு ரோட்ட பாக்க, சுவத்த ஒட்டி நிறுத்தினேன். அக்கா பின்னாலேர்ந்து தள்ளிக் குடுத்துச்சு.

மறுநாள் பஸ்ல பக்கத்து சீட்டு ஆளு என்ன இடிச்சு, "மச்சான், அத பாரு, இன்னா வண்டிடா!"ன்னான்.

"ஆமாடா, சூப்பரா கீதுல்ல"ன்னு நானும் எட்டிப் பாத்தேன்.