சம்பந்திக்கு நான் கற்பித்த எதிர்காலம்

என் சம்பந்தியை ஒரு நான்கு வயதுக் குழந்தையின் கண்ணில் பொய்யராக்கியவன் நான்.

தெரிந்தே செய்தேன். ப்ரெஞ்சு இலக்கணத்தின் எதிர்காலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு செய்தேன்... சிரிக்காதீர்கள்! ஆயுதம் வேடிக்கையாக இருப்பதால் காயம் சிறியதாகிவிடுமா? பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் என்பதால் நான் வாய் திறந்தாலே நீங்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறீர்கள். அந்த வசதியில்தான் இத்தனை நாள் ஒளிந்திருந்தேன்.

ப்ளஸ் டூவில் நான் ப்ரெஞ்சு எடுத்தவன். திருச்சியில் என் காலத்தில் ப்ரெஞ்சு எடுத்த எவரும் அதைப் பேசுவதற்காக எடுக்கவில்லை. தமிழ் என்றால் மார்க் போடுபவரின் கை நடுங்கும். ப்ரெஞ்சு என்றால் கொட்டும். அதுதான் காரணம். வினைச்சொற்களை வாய்ப்பாடுபோல் ஒப்பித்தோம், மார்க்கை அள்ளினோம், மறுநாளே வாயை மூடிக்கொண்டோம். அதன்பிறகு நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ப்ரெஞ்சுச் சொல், பஸ் கண்டக்டரிடம் கேட்ட ‘புலிவார்டு ரோடு’தான். அதில் புலி எதுவும் இல்லை, அகன்ற சாலையைக் குறிக்கும் ‘பூல்வார்’ என்ற ப்ரெஞ்சுச் சொல் அது என்று கல்யாணப் பந்திதோறும் விளக்கியே குடும்பத்தில் பண்டிதனானேன்.

என் மகள் சுபா ப்ரான்ஸில், லியோன் நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பேத்தி மீரா அங்கேயே பிறந்தவள். சோறும் தண்ணீரும் கேட்கும் அளவுக்குத் தமிழ், மற்றதெல்லாம் ப்ரெஞ்சு.

மாப்பிள்ளையின் தகப்பனார் ரங்கசாமி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். நான் சொன்ன அதே புலிவார்டு ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்து, தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தவர். ஒரு ஞாயிறு காலை, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் உறையூருக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“சம்பந்தி, உங்களுக்குத்தான் ப்ரெஞ்சு தண்ணிபட்ட பாடாச்சே. எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க. பேத்திகிட்ட பேசணும்.”

“அதுக்கென்ன... ‘நான் நலமாக இருக்கிறேன்’ல ஆரம்பிப்போம்.”

“நலமா இருக்கறதெல்லாம் அவளுக்கு எதுக்குங்க? குழந்தைக்கு என்ன வேணும்? வரேன், வாங்கித்தரேன், கூட்டிட்டுப் போறேன்... அதைச் சொல்லிக்குடுங்க!”

எடுத்த எடுப்பில் எதிர்காலம்!

கடைக்காரருக்கு ஏற்ற உதாரணம் தேடினேன். சரக்கு லாரியில் ஏறிவிட்டது, வரப்போகிறது என்றால் ‘போ’ என்னும் வினையை முன்னால் நிறுத்தி, அடுத்த வினையை அப்படியே போடுங்கள்: ‘ஜ வே வெனீர்’, வரப்போகிறேன். ஆர்டர் கொடுத்திருக்கிறது, என்றைக்கு வரும் என்பது கம்பெனிக்கே வெளிச்சம் என்றால் முழு வினைக்கும் ஒரு வாலை ஒட்டுங்கள்: ‘பார்லரே’, பேசுவேன். நான் என்றால் வால் ‘ஏ’, நீ என்றால் ‘ஆ’. வருவதும் போவதும் மட்டும் வால் ஒட்டும்போது உடம்பையே மாற்றிக்கொள்ளும்: ‘வியாந்த்ரே’, வருவேன், ‘இரே’, போவேன்.

நல்ல உதாரணம், இல்லையா? அடுத்த மாதம் ஒரு வளைகாப்பில் அதைத் தன்னுடையதாகவே நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்... பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு வீடியோ அழைப்புகள் தொடங்கின; ஞாயிறுகளில் என் வீட்டில் இருவரும் சேர்ந்து, மற்ற நாட்களில் அவர் தன் வீட்டிலிருந்து. அவருடைய உச்சரிப்பைப் பற்றி நான் சொல்லக்கூடாது, ஆனால் சொல்கிறேன். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கும். அந்தக் குலுக்கலில் அவர் சொன்னதெல்லாம் எதிர்காலம். கோயில் யானைக்கு நீ பழம் கொடுப்பாய். அது தும்பிக்கையை உன் தலையில் வைக்கும். நாம் கொள்ளிடத்தில் மணல் வீடு கட்டுவோம். மீரா விழுந்து விழுந்து சிரிப்பாள். மறுபடி சொல் என்பாள். யானைக்கு என்ன பெயர் வைப்போம் என்று கேட்பாள்.

என் முறை வரும். பிழையற்ற ப்ரெஞ்சில் நான் அறிவிப்பேன்: “திருச்சியில் இன்று வெயில் கடுமையாக இருக்கிறது.”

குழந்தை போனைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிடும்.

வெயிலைப் பற்றி ஒரு குழந்தையிடம் பேசுகிறவன் எப்பேர்ப்பட்ட மூடன்! அவருக்குப் பிழையோடு ஓர் எதிர்காலம் இருந்தது. என்னிடம் இலக்கண சுத்தமான நிகழ்காலம் மட்டுமே இருந்தது. பொறாமை என்ற சொல்லை எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். அது வயிற்றில் எந்த இடத்தில் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் கேட்டார்: “சம்பந்தி, போனை வைக்கறப்போ ‘போயிட்டு வரேன்’னு சொல்லணுமே, அதுக்கு என்ன?”

‘ஓ ரவ்வார்’ என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். அந்த ஊரார் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் உடம்பை மாற்றும் வினைகளை ஒரே வாக்கியத்தில் ஆட்டிக் காட்டும் ஆசை எனக்கு! ‘ஜிரே, ஏ ஜ ரவியாந்த்ரே’ என்றேன். போவேன், திரும்பி வருவேன். ‘போறேன்’ என்று சொல்லி ஒரு வீட்டைவிட்டு வெளியேறத் தெரியாத மனிதர்கள் நாம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அதைச் சொல்லிக் கையசைத்தார்.

அதுவரை நான் செய்தது வெறும் அகங்காரம். இனிமேல் வருவதுதான் என் குற்றம்.

சுபா தனியாக அழைத்தாள்.

“அப்பா, ஒரு விஷயம். ஸ்ரீரங்கம் தாத்தா போனை வெச்சதும் இவ ஷூவை மாட்டிக்கிட்டு வாசக்கதவுகிட்ட உக்காந்துடறா. தாத்தா திரும்பி வரேன்னு சொன்னாராம், யானையைப் பாக்கப் போகணுமாம். தூக்கிட்டு வந்தா அழறா. மாமாகிட்ட பக்குவமா சொல்லிடுங்கப்பா... இவர் சொன்னா அவருக்கு வருத்தமாயிடும்.”

“சொல்லிடறேன்மா.”

இந்த எதிர்காலத்தைக் கவனித்தீர்களா? அது இன்றுவரை நிகழவில்லை.

அந்த ஞாயிறு அவர் வந்தபோது வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

“சம்பந்தி! பேத்தி நேத்து என்ன சொன்னா தெரியுமா? எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாளாம்!”

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கணம் என் மனத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். அவரைத் திருத்தினால் குழந்தை கதவருகே உட்காருவது நின்றுபோகும். திருத்தாவிட்டால்... காத்துக் காத்துச் சலித்து, அவர்மீது வைத்திருக்கும் ஆசையே ஒருநாள் நின்றுபோகும். இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

“நல்லாப் பேசறீங்க சம்பந்தி. அப்படியே தொடர்ந்து சொல்லுங்க” என்றேன்.

சுபா கேட்டபோது, “சொல்லிப் பார்த்தேன்மா, கேக்கமாட்டேங்கறார்” என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது! மகளும் மாப்பிள்ளையும் அவர்மேல் மனத்தாங்கலானார்கள். பிடிவாதக்காரரிடம் பேசி என்ன பயன் என்று அவர்களும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. ஒருநாள் அவர் முகம் திரையில் தெரிந்ததும் மீரா மேசைக்கு அடியில் போய்விட்டாள். “அவர் வருவேன் என்று சொல்வார், வரமாட்டார்” என்றாள் ப்ரெஞ்சில். வேகமாகச் சொன்னதால் அவருக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தூக்கம் வருதாம்” என்று மொழிபெயர்த்தேன்.

அடுத்தடுத்த வாரங்களிலும் அவளுக்குத் தூக்கம் வந்தது. அவர் தன் உச்சரிப்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டார். “அந்த ‘ர’ தொண்டையிலேருந்து வரலீங்க. அதான் குழந்தைக்குச் சலிச்சுப்போச்சு.” பாலத்துச் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தித் தொண்டையைச் செருமி ‘ர’ பழகுகிறாராம், துப்பப் போகிறார் என்று பக்கத்து ஆட்டோக்காரர் சண்டைக்கு வந்தாராம். சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து அந்த ‘ர’வைத் திருத்திக்கொடுத்தேன். ஐயோ... எத்தகைய பிறவி நான்!

இதற்கு எனக்குக் கிடைத்த கூலி என்ன? மீரா இப்போது என்னோடு பேசுகிறாள். வெயிலைப் பற்றித்தான். முடித்ததும் ‘ஓ ரவ்வார்’ என்பேன்; அவளும் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள். ஒருநாள் சுபாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“என்கிட்ட பேசினப்புறம் அவ கதவுகிட்ட உக்காருவாளா?”

“இல்லப்பா, அந்தத் தொந்தரவெல்லாம் இல்ல” என்றாள், நான் நிம்மதியடைவேன் என்று நினைத்து.

எனக்காக அந்தக் குழந்தை ஷூவை மாட்டிக்கொண்டதே இல்லை. இன்றும் அவர்மேல் எனக்குப் பொறாமை. தோற்றவர்மீது பொறாமைப்படுகிறவனை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

முழங்கால் அறுவைச் சிகிச்சையால் தள்ளிப்போயிருந்த அவருடைய லியோன் பயணம் இப்போது கூடிவந்திருக்கிறது. விசா வந்துவிட்டது. பெட்டியில் மீராவுக்கு ஒரு மர யானை இருக்கிறது. நேற்றுக் காலை கடைசிப் பாடத்துக்கு வந்திருந்தார்.

“நான் போய்ச் சேர்றப்போ அவ தூங்கிட்டு இருப்பாளாம். ‘நீ முழிக்கும்போது நான் வந்திருப்பேன்’னு முன்னாடியே சொல்லிவைக்கணும். இது வேற எதிர்காலமா சம்பந்தி?”

வேறுதான். லாரி வந்து, சரக்கும் இறங்கி முடிந்திருக்கும் எதிர்காலம். அதற்கு இரண்டு சொல் வேண்டும்: ‘ஜ ஸரே அரிவே’. சொல்லிக்கொடுத்தேன். எழுதிக்கொள்ளவில்லை, கண்ணை மூடி முணுமுணுத்தார். ‘ர’ தொண்டையிலிருந்து அழகாக வந்தது. என் ‘ர’வைவிட அழகாக.

இந்த முறை அது உண்மை. ஆனால் அந்தக் குழந்தை நம்பாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்வதற்கான கடைசி வாய்ப்பு, அங்கே, டீபாயின் மேல், ஆறிக்கொண்டிருந்த காப்பிக்குப் பக்கத்தில் இருந்தது.

வாசல் கேட்டருகே ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டு நின்றார்.

“நேர்ல பார்த்தா எங்கிட்ட வருவாளா சம்பந்தி?”

“வருவா” என்றேன்.

தலையாட்டினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “சரிங்க, போயிட்டு வரேன்.”

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தேன். வெயில் கடுமையாக இருந்தது.