மூடியில் எழுதிய எண்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் மண்ணக்கா என்றே கூப்பிட்டார்கள். பதினேழு வருடமாக மண்ணில் மருந்து தேடுவது அவள் வேலை. கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய மூடித்தட்டில் நோய்க்கிருமியைப் பரப்பி, மண்ணைக் கரைத்த தண்ணீரைத் தெளிப்பாள். மண்ணிலிருந்து முளைத்த ஏதாவது ஒரு புள்ளியைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் விழுந்தால், அந்தப் புள்ளி மருந்து சுரக்கிறது என்று அர்த்தம். இதுவரை விழுந்த வட்டங்கள் எல்லாம் பழைய மருந்துகளுடையவை.

இந்த முறை பரப்பியது அவள் கணவனின் கால்புண்ணில் இருந்த கிருமி. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. காலை எடுக்க மருத்துவர் நாள் குறித்துவிட்டார். ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் பார்த்தும் பாராதவர்போல இருந்ததால், பன்னிரண்டு இடத்து மண்ணைப் பன்னிரண்டு தட்டுகளில் போட்டாள்.

எந்த இடத்து மண் என்பதற்கான எண்ணைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும், மூடி மாறிப்போகும். புதிதாக வருகிறவர்களிடம் அவள் அலுக்காமல் சொல்வது இதைத்தான். அன்று மருத்துவமனைக்குப் போகும் அவசரத்தில் மூடிகளிலேயே எழுதிவிட்டு ஓடினாள்.

மூன்றாம் நாள் ஒரு தட்டில் விரற்கடை அகலத்துக்கு வட்டம்.

“மூடியெல்லாம் வேர்த்துக் கெடந்துச்சுக்கா, மொத்தமா தொடைச்சு வச்சிட்டேன்,” என்றாள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள்.

“எதை எதுக்கு வச்ச?”

“மூடிதானே... எல்லாம் ஒரே அளவுதானேக்கா?”



வட்டம் விழுந்த புள்ளியை மண்ணக்கா புதுத் தட்டுக்கு மாற்றினாள். வளர்ந்தது, வட்டம் விழவில்லை. சிலது அப்படித்தான், இடம் மாறியதும் சுரப்பை நிறுத்திவிடும். உறைகளில் மிச்சமிருந்த மண்ணையும் கரைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. இடம் தெரிந்திருந்தால் புதிதாகக் கூடைகூடையாக அள்ளி வந்திருப்பாள். பன்னிரண்டு இடத்துக்கும் ஓட நாள் இல்லை.

அறுவை முடிந்து கண் விழித்த கணவர், “என்ன, உன் மண்ணு கைவிரிச்சிடுச்சா?” என்றார்.

“மண்ணு இல்லீங்க. நான்தான்.” மூடி விஷயத்தைச் சொன்னாள்.

“கெடைச்சிருந்தாலும் மருந்தா வர பத்து வருஷம் ஆகும்னு நீதானே சொல்லுவ. அதுவரைக்கும் என் கால் வரிசையில நிக்குமாக்கும்?”

உண்மைதான். ஆரம்பத்திலிருந்தே அவளுக்கு அது தெரியும். தெரிந்திருந்தது எதையும் குறைக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கணவரின் புண்ணில் அடித்த அதே வாடை. அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.