கோலா சாவா தோட்ட வாசலில் ஒரு பச்சைத் தொட்டி

சென்ற தீபாவளிக்கு எட்டு நாள் மலேசியா போய்வந்தோம். மழைக்காலத்தில் கவுன்சிலரம்மா ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்று வார்டில் பேச்சு. ஓடவில்லை சாமி, நாத்தனார் கூப்பிட்டாள், போனேன்.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா குடும்பம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டுப் பெண் கலைவாணி. செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீடு கோலா சாவாவில், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றுக்குள். முந்தின வருடம் அவள் மகள் டெங்குவில் பிழைத்ததே பெரிய பாடு. போனில் அழுதாள். “சம்பா லோரி உள்ள வர மாட்டேங்குது அண்ணி. குப்பையில தண்ணி நிக்குது, கொசு மொய்க்குது. இன்னொரு தடவ டிங்கி வந்தா எம்புள்ள தாங்காது லா. நீங்க கவுன்சிலர்தானே, வந்து பாருங்க.” சம்பா லோரி என்றால் குப்பை லாரி, டிங்கி என்றால் டெங்கு.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து விமானம் நாலு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து சிரம்பானுக்குப் பேருந்து. அங்கிருந்து ரயிலில் அடுத்த நிலையமே செனாவாங். தலைக்குப் பதினைந்து வெள்ளிக்குள் முடிந்தது. ரிங்கிட்டை அங்கே வெள்ளி என்கிறார்கள். செனாவாங்கிலிருந்து வாடகைக் காருக்கு இருபது வெள்ளி. ஓட்டுநர் தம்பி ஏறும்போதே சொல்லிவிட்டார்: “கேட்டோட நிறுத்திருவேன் லா அக்கா. உள்ள போனா வண்டி திருப்ப இடமில்ல.” பெட்டியைத் தூக்க வேண்டுமே என்ற கடுப்பில் அதை நான் காதிலேயே வாங்கவில்லை.

தோட்ட வாசலில் ஒரு பச்சைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மூட்டைகள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தோட்டத்துக்காரர்கள், “வாங்க கவுன்சிலர் சார்!” என்று மாலையை என் வீட்டுக்காரர் கழுத்தில் போட்டார்கள்! அந்த மனுஷனும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். எங்கள் சென்னை மாநகராட்சியில் பாதி இடம் பெண்களுக்கென்று சட்டமே இருக்கிறது. வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவள் நான். “கவுன்சிலர் நான்தாங்க, இவர் என் பெட்டி தூக்க வந்தவர்” என்றேன். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

மாலையில் தேநீரோடு என் பெருமையை அவிழ்த்துவிட்டேன். இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி எங்களுடையது, 1688-இல் கம்பெனிக்காரர்கள் தொடங்கியது, முதல் மன்றத்திலேயே ஆங்கிலேயர், போர்த்துகீசியர், நம்மாட்கள் எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள், இன்று இருநூறு வார்டு, மேயர், சிவப்பு அங்கி என்று ஒரே அளப்பு. கலை கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இங்க ஓட்டே இல்ல அண்ணி. மாநகர் மன்ற உறுப்பினர எல்லாம் மேல நியமிச்சி அனுப்புவாங்க. அந்தக் காலத்துல எலெக்‌ஷன் இருந்துச்சாம், அறுபதுகள்ல நிறுத்திட்டாங்க. உங்க ஊர்ல எப்பவும் இருந்துச்சா?”

வசமாக மாட்டிக்கொண்டேன். 1973-இல் எங்கள் மன்றத்தைக் கலைத்துவிட்டு இருபத்து மூன்று வருடம் தேர்தலே நடத்தவில்லை. மறுபடி 2016 முதல் 2022 வரை மன்றம் கிடையாது, அதிகாரிகளே ஆண்டார்கள். சொன்னேன். “அலாமா! அப்ப நீங்களும் நம்ம மாதிரிதான் லா” என்றாள்.

அவள் பிரச்சினை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிரம்பான் மாநகர் மன்றத்தைக் கேட்டால், வாசலுக்கு உள்ளே தனியார் நிலம், தோட்டத்தைக் கேள் என்கிறார்கள். தோட்ட ஆபீசைக் கேட்டால், குப்பை மன்றத்து வேலை என்கிறார்கள். என் வார்டிலும் எல்லைக்கோடு ஒரு தெருவின் நடுவிலேயே போகிறது. இந்த மண்டலத்து ஆள் தொட்டியை அந்தப் பக்கம் தள்ளுவார், அந்த மண்டலத்து ஆள் இந்தப் பக்கம் தள்ளுவார். கடைசியில் இரண்டு பொறியாளர்களையும் ஒரே நேரத்தில் ஒரே டீக்கடைக்கு வரவைத்தேன். இன்னொருத்தர் எதிரில் இருக்கும்போது அவர்மேல் பழி போட யாருக்கும் வாய் வராது, கண்டதுதான்.

“இங்க டீக்கடைக்கு எங்க போறது?” என்றாள் கலை. சற்று யோசித்தவள் துள்ளி எழுந்தாள். “தீபாவளிக்கு திறந்த இல்லம் வைக்கிறோம்ல! யாரக் கூப்ட்டாலும் வந்துதானே ஆகணும்!” மலாய்க்காரர், சீனர், அதிகாரி என்று பேதமில்லாமல் எல்லோரையும் பண்டிகைக்குச் சாப்பிட அழைக்கும் வழக்கம் அது. “ஆனா வீட்ல வைக்கல. தொட்டி பக்கத்துலயே வைக்கிறோம்.”

அடிப்பாவி, இது எனக்குத் தோன்றவில்லையே!

தீபாவளிக்கு மறுநாள் காலை தோட்ட வாசலில் கூடாரம் போட்டார்கள். ரெண்டாங் கறி, முறுக்கு, கோழிக்குழம்பு, இரண்டே எட்டில் பச்சைத் தொட்டி. மன்ற உறுப்பினர் ஹாஜா வந்தார். பக்கத்து ஊர் ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தோட்ட மேனேஜரும் வந்தார். கலை இருவரையும் ஒரே மேசையில், தொட்டியைப் பார்த்தபடி உட்காரவைத்து, மகளைப் பரிமாறச் சொன்னாள். “இவதான் சார், போன வருஷம் டிங்கில படுத்த எம்புள்ள.” அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் கையில் எடுத்த முறுக்கைக் கீழே வைத்தார். “லோரி உள்ள வரக்கூடாதுன்னு நாங்க எப்பவும் சொன்னதில்லையே?” ஹாஜா நிமிர்ந்து பார்த்தார். “கேட் ஒண்ணும் தடையில்ல சார். உள்ள பெரிய லோரி திரும்ப இடமில்லன்னு டிரைவருங்க சொல்றாங்க.” “திரும்ப இடம் இல்லங்கிறதுதானா? பழைய எடைக்கொட்டாய் பக்கம் சும்மா கிடக்கே! ரெண்டு மரத்த எடுத்தா போதும்” என்றார் மேனேஜர். “நீங்க எடுங்க, லோரிய நான் கொண்டாரேன்” என்றார் ஹாஜா. இத்தனை வருட இழுபறி, குழம்பு ஆறுவதற்குள் முடிந்தது! இரண்டு பேரும் அதற்கு முன் சந்தித்ததே இல்லையாம். வாடகைக் கார் தம்பி முதல் நாளே சொன்னதை நான் கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் பிடிபட்டிருக்கும்.

சனிக்கிழமை காலை, நாங்கள் கிளம்பும் நாள். லாரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. இரண்டு மரத்தை எடுத்திருந்த எடைக்கொட்டாய்ப் பக்கம் ஒரே திருப்பில் திரும்பியது. தோட்டமே கைதட்டியது, யாரோ சாமிக்கு உடைப்பதுபோல் தேங்காய் உடைத்தார்கள். கலை மகளைக் கட்டிக்கொண்டு, “வந்துருச்சி லா, வந்துருச்சி!” என்று சிரித்துக்கொண்டே அழுதாள். இந்த முறை மாலையை எனக்குத்தான் கொண்டுவந்தார்கள். வாங்கிக் கலை கழுத்தில் போட்டேன். நான் ஓட்டு வாங்கி ஜெயித்தவள். இவள் ஓட்டே இல்லாமல் ஜெயித்துவிட்டாள்.

போகிறவர்கள் தீபாவளியை ஒட்டிப் போங்கள், சாப்பாட்டுச் செலவு மிச்சம். குடை கட்டாயம், கொசுத் தைலமும். வாடகைக் கார் வாசலோடு நிற்கிறேன் என்று சொன்னால் விடாதீர்கள், உள்ளே திரும்ப இப்போது தாராளமாக இடமிருக்கிறது. வழி தெரியாவிட்டால் கவுன்சிலர் வீடு எது என்று கேளுங்கள். தேர்தலே இல்லாத அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் கலைவாணி வீட்டைத்தான் காட்டுவார்கள்.