அரிசிக்கு ஒரு கண்ணாடி

செஞ்சியில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் எடை போடும் தர்மநாத நயினாருக்கு ஐம்பத்திரண்டு வயது. தராசு முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பத்தடி தள்ளி நின்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர், 1965 ஆவணியில் ஒரு சாயங்காலம், தட்டில் மிச்சமிருந்த கடைசிக் கவளத்தை வாசல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். சோற்றுக்குள் வெந்துபோன ஒரு வண்டு.

தட்டைக் கீழே வைத்தார். சமண வீட்டில் பிறந்தவர். எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கப் பழகியவர். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்காதவர். இந்த ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. படாமல் உள்ளே போனவை எத்தனை? மறுநாள் முழுக்க அவர் சாப்பிடவில்லை.

மனைவி ரத்னம் இருந்தவரை இந்தக் கவலை அவருக்கு வந்ததில்லை. முறத்தை மடியில் வைத்து, பேசிக்கொண்டே, பார்க்காத மாதிரிப் பார்த்து அவள் பொறுக்கிவிடுவாள். அவள் போய் ஒன்றரை வருஷமாகிறது. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம் வேறு. கடையில் எந்த அரிசி போடுகிறார்களோ அதுதான் அரிசி. பாதி நாள் அதில் வண்டுகளே நடமாடும்.

தினமும் நாலு மணிக்கு மண்டியிலிருந்து வந்து கதவைத் தாழிட்டுக்கொள்வார். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் பொறுக்கி, உலை வைத்து, சாப்பிட்டு முடித்தாக வேண்டும்; இருட்டிய பின் சாப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கதவைத் தாழிடுவதற்குக் காரணம் வேறு. ஆண்பிள்ளை முறத்தோடு உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்கக் கூடாது. "சமையலுக்கு ஆளு வெச்சிருக்கேன்" என்று மண்டியில் சொல்லி வைத்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில் ஆரணியிலிருந்து மகள் தனலட்சுமி வந்தாள். அவர் பொறுக்கி வைத்திருந்த அரிசியில் கைவிட்டு அளைந்தாள். நாலு வண்டு வந்தது.

"இன்னா நைனா இது? நீ பொறுக்குனதா?"

"ஆமாம்மா."

"வண்டுங்க சந்தையே கூட்டி இருக்குது."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஐப்பசி மழையில இன்னும் பெருகும் நைனா. தீபாவளிக்குள்ள கண்ணைச் சரி பண்ணு. இல்லன்னா வூட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடு. அப்புறம் நான் எதையும் கேக்க மாட்டேன்."

ஆரணி வீட்டில் எட்டுப் பேர். நல்ல மனிதர்கள்தான். மூலையில் ஒரு நாற்காலி கிடைக்கும். வேளைக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அங்கே அவருக்கென்று ஒரு வேலையும் இருக்காது. இங்கே பேச்சுக்கு ஆளில்லைதான். ஆனால் அடுப்பு அவருடையது. ரத்னம் புழங்கிய அடுப்பு.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் கண்ணாடிக்காரர் சுந்தரமூர்த்தி வருவார். ஒரு துணிக்கடையின் முன்பக்கத்தில் பெட்டியைத் திறந்து, கண்ணைச் சோதித்து, சீட்டு எழுதி, அடுத்த வெள்ளிக்குக் கண்ணாடி செய்து கொண்டுவந்து தருவார். சுற்றிலும் எப்போதும் கூட்டம். ஆடு விற்க வந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"எதுக்கு நயினாரே கண்ணாடி? படிக்கவா, தையல் வேலைக்கா?" என்று தன் முன்னால் வந்து உட்கார்ந்த தர்மநாதனைக் கேட்டார் சுந்தரமூர்த்தி.

தர்மநாதன் திரும்பிப் பார்த்தார். மண்டியில் மூட்டை தைக்கும் பொன்னுசாமி கூட்டத்தில் நின்றிருந்தார்.

"படிக்கத்தான். பேப்பரு, சாமி புஸ்தகம்."

எழுத்து அட்டையை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி, சோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாக மாற்றினார் சுந்தரமூர்த்தி. "இது நல்லாருக்குதா, இது நல்லாருக்குதா?"

"நயினாருக்கு ரெண்டாவதுதான் எடுப்பு!" என்றார் ஆட்டுத் தரகர் தனகோட்டி.

"கண்ணு என்னுது, பதிலு உன்னுதா?" என்றார் தர்மநாதன்.

கடைசியில் எழுத்தைக் கொட்டை கொட்டையாகக் காட்டிய வில்லையையே கேட்டு வாங்கினார். பெரிதாகத் தெரிந்தால் வண்டும் பெரிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. கறுப்புச் சட்டம் போதும் என்றார். பொன்னுசாமி, "தாசில்தார் மாதிரியே இருக்கிறீங்க" என்று சிரித்தார்.

கண்ணாடி வந்தது. நாளிதழ் பளிச்சென்று தெரிந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து முறத்தைப் பார்த்தார். அரிசி பனிமூட்டமாக இருந்தது. குனிந்தார். இன்னும் குனிந்தார். கூன் போட்டு முகத்தை முறத்தின் பக்கம் கொண்டுபோனபோதுதான் மணி மணியாகத் தெரிந்தது. அப்போது கண்ணாடி நழுவி அரிசிக்குள்ளேயே விழுந்தது. மூன்று நாள் இப்படியே போனது. கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பொறுக்கி முடிப்பதற்குள் ராஜகிரி சூரியனை விழுங்கிவிட்டது. அன்றும் பட்டினி.

கண் போயே போய்விட்டது என்று முடிவு கட்டினார். மறுநாள் ஒரு தபால் கார்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளுக்கு எழுத ஆரம்பித்தார். 'தனலட்சுமிக்கு ஆசீர்வாதம். நான் வந்துவிடுகிறேன்.' எழுத்து முத்து முத்தாக விழுந்தது. பேனா நின்றது. கார்டு இவ்வளவு நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு அரிசி மட்டும் ஏன் தெரியவில்லை?

முப்பது வருஷம் அளந்த கை. விரலை விரித்து அளந்தார். கார்டிலிருந்து கண்ணுக்கு ஒன்றரைச் சாண். முறத்திலிருந்து கண்ணுக்கு மூன்று சாண்.

கண் பொய் சொல்லவில்லை. சந்தையில் அவர்தான் பொய் சொல்லியிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அரிசியும் முறமுமாக ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவே நடந்தார்.

"பேப்பரு சரியாத் தெரியலையா?" என்றார் சுந்தரமூர்த்தி.

"பேப்பரு தெரியுது. அரிசிதான் தெரியல."

கூட்டம் சிரித்தது. "அரிசியையா படிக்கிறீரு?" என்றார் தனகோட்டி.

"ஆமாய்யா. நான்தான் பொறுக்குறேன், நான்தான் ஆக்குறேன். சம்சாரம் போன நாள்லேர்ந்து. ஆளு கீளு யாரும் இல்ல."

பொன்னுசாமி மெதுவாக, "தெனம் பக்கத்துல நிக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லலியே நயினாரே" என்றார்.

சுந்தரமூர்த்தி துணிக்கடைத் தரையைக் காட்டினார். "வூட்ல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க."

தர்மநாதன் உட்கார்ந்தார். முறத்தை மடியில் வைத்தார். வில்லை ஒவ்வொன்றாக மாறியது.

"பவரைக் குறைச்சிக்கினே போறீங்களே?"

"புஸ்தகம் கிட்ட இருக்கும், அதுக்கு ஜாஸ்தி. முறம் தள்ளி இருக்குது, இதுக்குக் கம்மிதான் வேணும். இதை மொதல்லயே சொல்லியிருந்தா இன்னொரு நடை மிச்சமாயிருக்கும். இப்போ?"

அரிசி தனித்தனி மணியாகப் பிரிந்தது. ஒரு மணிக்குப் பின்னாலிருந்து ஆறு காலோடு ஒன்று வெளியே வந்து நடந்தது.

"போவுது! தோ போவுது பாரு!"

பத்துத் தலைகள் முறத்தின் மேல் குனிந்தன. "நாங்க ஆட்டுக்குப் பல்லு பாக்குறோம், நயினாரு வண்டுக்குக் காலு எண்றாரு" என்றார் தனகோட்டி. தர்மநாதனும் சேர்ந்து சிரித்தார். அத்தனை பேர் நடுவில் அவர் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கூட்டம் அடுத்த கண்ணுக்குத் திரும்பிவிட்டிருந்தது. மண்டியில் நாலு நாள் 'அரிசி படிக்கிறவரே' என்று கூப்பிட்டார்கள். பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன பொன்னுசாமி வரவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அதே கறுப்புச் சட்டத்தில் புது வில்லை வந்தது. அன்று அவர் கதவைத் தாழிடவில்லை. முறத்தோடு உட்கார்ந்தார். வண்டு, புழு, கூடு, எல்லாம் தெரிந்தது. ஒவ்வொன்றையும் காகிதத்தில் ஏற்றி, கொல்லைச் சுவரோரம் நிழலில் ஒரு பிடி தவிட்டோடு விட்டுவிட்டு வந்தார். கடைசிப் பிடியை ஒதுக்கியபோது முறத்தின் விளிம்பு கண்ணில் பட்டது. பிரிந்துபோன பிரம்பைப் பச்சை நூலால் தைத்திருந்தது. கடுகளவு தையல்கள், ஒன்றுபோல் ஒன்று. ரத்னத்தின் கை. எத்தனை வருஷமாக அது அங்கே இருக்கிறதோ, அவர் பார்த்ததே இல்லை.

"இதை எப்போ தச்சே?" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிக் கேட்டேவிட்டார்.

அங்கே உலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

அரிசியைக் களைந்து போட்டார். முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, பழைய கார்டை அதன்மேல் வைத்தார். அந்தத் தூரத்தில் கார்டும் தெரிந்தது. 'வந்துவிடுகிறேன்' என்பதை அடித்துவிட்டு, 'வரவில்லை. அரிசி தெரிகிறது. சந்தேகமிருந்தால் நேரில் வந்து அளைந்து பார்' என்று எழுதினார். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. பாதிக் கார்டு வெள்ளையாகக் கிடந்தது.

பிறகு எழுதினார்: 'முறத்து விளிம்பில் உன் அம்மா பச்சை நூலால் தைத்திருக்கிறாள். எந்த வருஷம் என்று உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.'

ராஜகிரி உச்சிக்கு மேலே சூரியன் இன்னும் ஒரு விரற்கடை உயரத்தில் இருந்தது. அவர் எழுந்து ஒரு தட்டை எடுத்து வைத்தார்.