சவுரிராயன் கட்டிய கம்பி வலை

சவுரிராயன் மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக அட்டெண்டர். வயது ஐம்பத்தொன்று. பிளஸ் டூ இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்திரண்டு வாங்கியவர். அந்த வருடம் அவர் அப்பா காணை கிராமத்தில் கரும்பு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானார். சவுரிராயன் வேலைக்குப் போனார். இந்தக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் செய்யும் சோதனைகளுக்குக் கருவிகளைத் துடைத்து எடுத்துவைக்கிறார்.

சென்ற கோடையில் அஸ்வினி என்ற ஆசிரியை, பால்வெளியின் ஹைட்ரஜனிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிக்க மொட்டைமாடியில் தகரத்தால் பெரிய புனல் மாதிரி ஓர் ஆன்டெனா செய்தார். மூன்று வாரமாகியும் லேப்டாப்பில் வெறும் இரைச்சல்தான். கேபிளை மாற்றினார், ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். பலனில்லை.

ஒரு நாள் ஆன்டெனாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த சவுரிராயன் லேப்டாப்பைப் பார்த்துத் திகைத்தார்.

“மேடம், நான் குறுக்க வந்தா கோடு ஏறுது, நகந்தா எறங்குது. நான் ஒண்ணுமே தொடலயே!”

“உங்க மேல தப்பில்லண்ணே. சூடா இருக்கிற எதுவும் லேசா ரேடியோ இரைச்சல் போடும், நம்ம உடம்பு கூட. வானம் ரொம்பக் குளிரு, அங்க இரைச்சல் கம்மி. ஆன்டெனாவுக்கு எவ்ளோ இரைச்சல் வருதுன்றத சூட்டுக் கணக்குல சொல்வோம். அதான் இரைச்சல் வெப்பநிலை.”

“அப்ப இந்த மாடித் தரை? கால வைக்க முடியல. ஓரத்து வழியா அதையும் கேட்டுக்கினு தானே இருக்கும்?”

அஸ்வினி குனிந்து ஆன்டெனாவின் ஓரத்தைப் பார்த்தார். எதிரே இருந்த வானத்தை மட்டும்தான் அவர் கணக்கில் எடுத்திருந்தார்.

மறுநாள் சவுரிராயன் திண்டிவனத்திலிருந்து கோழிக்கூண்டுக் கம்பி வலை வாங்கிவந்து, ஆன்டெனாவைச் சுற்றி வெளிப்பக்கம் சாய்வாகக் கட்டினார். தரையின் இரைச்சலை வலை தடுத்தது. நூற்று நாற்பது கெல்வின் இருந்த இரைச்சல் வெப்பநிலை அறுபதுக்கு இறங்கியது. மூன்றாம் நாள், ஹைட்ரஜன் வரவேண்டிய இடத்தில் கோடு சின்னதாக மேடு தட்டியது. சவுரிராயன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதைப் பற்றி அஸ்வினி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரோடு சவுரிராயன் பெயரையும் போட்டிருந்தார். அதைப் பார்த்த துறைத் தலைவர் முகம் சுளித்தார். “அட்டெண்டர் பேரு எதுக்கும்மா? கடைசியில நன்றின்னு போட்டா போதாதா?”

“பாதி வேலை அவரோடது சார்,” என்றார் அஸ்வினி. பெயரை எடுக்கவில்லை.

விழுப்புரம் கருத்தரங்க மலரில் அந்தக் கட்டுரையில் சவுரிராயன் பெயர் இரண்டாவதாக வந்தது. வீட்டில் மனைவி இருதயமேரி கட்டுரையின் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“இரைச்சல் வெப்பநிலைன்னா இன்னாங்க?”

சவுரிராயன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து எதிரே அமர்ந்தாள்.